டாக்டருக்கு ஒரு மாலை

ஆவரங்குடி ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவதே இல்லை. பிரசவ வலியானாலும் பாம்புக்கடியானாலும் டவுனுக்குத்தான் ஓட வேண்டும். பூக்காரி பொற்கொடி மனு கொடுக்கும்போதெல்லாம் சுகாதார அதிகாரி தணிகாசலம், "டாக்டர் ராத்திரி பகலா அங்கேதானேம்மா இருக்கார்! பொய் மனு கொடுக்காதே" என்று விரட்டிவிடுவார்.

இந்த முறை பொற்கொடி கும்பிட்டுக்கொண்டே போனாள்.

"தப்புத்தாங்க ஐயா. ராத்திரி பகலா உழைக்கிற டாக்டருக்கு ஊரே சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறோம். நீங்கதான் வந்து மாலை போடணும்."

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மேளம் கொட்ட வந்து இறங்கினார். பொற்கொடி பெரிய ரோஜா மாலையை அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் படுத்திருந்த ஆடு ஒன்றுதான் மாலையைப் பார்த்து ஆசையாக எழுந்து வந்தது. ஊரே கொல்லென்று சிரித்தது.

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. "டாக்டர் எங்கேம்மா?"

"அதைத்தாங்க ஐயா இவ்வளவு நாளா நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அன்று சாயங்காலமே டாக்டர் வந்து சேர்ந்தார். சின்ன வயசுக்காரர்; வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை. பொற்கொடி அதே மாலையை அவர் கழுத்தில் போட்டாள்.

"ஆட்டுக்கிட்டேயிருந்து காப்பாத்தி வெச்சேன் தம்பி. உள்ளே போங்க, ஜனம் காத்துக் கிடக்கு."