மூன்று டன் கம்ப்யூட்டரும் மேல் பெர்த்தும்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்கள். ஆவுடையப்பன் பொருந்தத்தான் தொடங்குவார். பாதியில் நாக்கு ருசி கண்டுவிடும்.

திருநெல்வேலி ரயிலில் அவருக்கு விழுந்தது மேல் பெர்த். வயது எழுபத்திரண்டு, இடது முழங்கால் வீங்கிக் கிடந்தது. கீழ் பெர்த் ஷெர்லின் என்ற பெண்ணுக்கு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். கேட்டால் கொடுத்துவிடுவாள். கேட்கத்தான் கூச்சம். நம் பெருமையைக் கேட்டு அவளாகவே எழுந்து கொடுக்கட்டும் என்று நினைத்தார்.

“மெட்ராஸுக்குத் தெக்க முதல் கம்ப்யூட்டரை இறக்குனதே எங்க மில்லுதான் தாயி. அறுபத்தெட்டுல.”

“சரி, இதுவரைக்கும் நம்பலாம்,” என்றார் எதிரே இட்லிப் பொட்டலம் பிரித்த சங்கரபாண்டி. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரி.

மில்லில் கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. தூசி ஆகாது என்று அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார்கள். வாசலில் ஸ்டூல் போட்டு அந்தச் செருப்புகளுக்குக் காவல் இருந்தவர் நம் ஆவுடையப்பன். அதைச் சொன்னால் எவள் பெர்த் கொடுப்பாள்?

“ஏசின்னா அப்படி ஒரு ஏசி! சித்திரை வெயில்ல கம்பளி போர்த்திட்டு உக்காந்திருப்பேன். கதவைத் தொறந்தா போதும், குளிர்காத்து வெளியே போய் மேகம் கூடி மழை கொட்டும். விவசாயிங்க மனுவோட வந்து நிப்பாங்க, அஞ்சு நிமிசம் தொறந்து வைங்கன்னு.”

“எங்க கரிசக்காட்டுக்கு ஒரு சொட்டு வரலையே அண்ணாச்சி?”

“உம்ம ஊர்ல மனு குடுத்தீரா வே?”

ஷெர்லின் சிரித்தாள். இத்தோடு நிறுத்து என்று முழங்கால் கெஞ்சியது. நாக்கு கேட்கவில்லை.

“அப்பல்லாம் ஓட்டை போட்ட அட்டையிலதான் கணக்கு. ஒருநாள் நாப்பதாயிரம் அட்டை படிக்கட்டுல கொட்டிருச்சு. இன்ஜினியர் தலையில கைவெச்சு உக்காந்துட்டார். நான் ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சு, ஓட்டையை எண்ணி, காப்பி ஆறுறதுக்குள்ள அடுக்கிட்டேன். கணக்கையும் மனசுலயே போட்டுட்டேன். கம்ப்யூட்டர் கோவிச்சுக்கிட்டு மூணு நாள் எங்கூடப் பேசலை.”

“பேசுமா அண்ணாச்சி?”

“அந்தக் காலத்துது பேசும். இப்பத்தான் வாயை அடைச்சு விக்கிறான்.”

“அவ்வளவு பெரிசை மாடிக்கு எப்படி ஏத்துனீங்க அங்கிள்?” என்றாள் ஷெர்லின்.

வந்தது நேரம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கிரேன் கயிறு அறுந்துபோச்சு. அத்தனை பேரும் ஓடிட்டான். நான்தான் வேட்டியை மடிச்சுக் கட்டி முதுகுல ஏத்துனேன். ரெண்டு...” அவள் கண் விரிந்தது. “மூணு டன்! நாலு மாடி, ஒரே மூச்சு. நடுவுல ஒருத்தன் வெத்தலை கேட்டான், மடிச்சுக் குடுத்துட்டுப் போனேன்.”

ஷெர்லின் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நல்லவேளை சொன்னீங்க! வயசானவங்களாச்சே, மேல ஏற முடியாதேன்னு என் பெர்த்தை உங்களுக்குத் தரலாம்னு இருந்தேன். உங்களைப் போய் அப்படி நினைச்சுட்டேனே!” சங்கரபாண்டியின் தொப்பையைப் பார்த்தாள். “நீங்க கீழ படுத்துக்கோங்கண்ணே. உங்க நடு பெர்த்துக்கு நான் போறேன்.”

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். இரண்டாவது படியில் முழங்கால் ‘மடக்’ என்றது. பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“என்ன அண்ணாச்சி, முட்டியா?” என்றார் சங்கரபாண்டி, கீழே கால் நீட்டியபடி.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

“முட்டியா? அன்னிக்குத் தூக்கும்போது கம்ப்யூட்டர்ல ஒரு துண்டு உடைஞ்சு உள்ள போயிருச்சு வே. இன்னும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கு.”