சிறுத்தை வாங்கிய சின்னக் கார்

ஒரு காட்டில் ஒரு கார் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். அதுவும் சின்னக் கார். ஆனால் அந்தச் சின்னக் காரைப் பற்றிப் பேசாத வாய் அந்தக் காட்டிலேயே கிடையாது.

அந்தக் காரை வாங்கியது வடிவழகன் என்ற சிறுத்தை. காட்டுக்குத் தலைவரும் அதுதான். பெயருக்கு ஏற்ற அழகு உண்டு. அழகுக்கு மேல் கொஞ்சம் கர்வமும் உண்டு. தண்ணீர் குடிக்கப் போனால் முதலில் குளத்தில் முகம் பார்க்கும். அப்புறம்தான் குடிக்கும். அப்படிப்பட்ட சிறுத்தை பட்டணத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, தன் புள்ளிகளுக்குப் பொருத்தமாக ஒரு கார் தேர்ந்தெடுத்து வந்தது.

காரும் லேசுப்பட்டதல்ல, குழந்தைகளே. மயில் கழுத்து நிறம். முன்விளக்குகள் இரண்டும் அரைக்கண் மூடிச் சிரிப்பது போல இருக்கும். உள்ளே தேன் நிறத்தில் மெத்து மெத்தென்று இருக்கைகள். மேலே கண்ணாடிக் கூரை. பொத்தானைத் தொட்டால் கூரை விலகி வானம் தெரியும். கதவைச் சாத்தினால் 'டமால்' என்று அடிக்காது. கனிந்த மாம்பழம் புல்லில் விழுந்தது போல 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சிறுத்தை காரை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டது.

"எப்படி இருக்கிறது? கூச்சப்படாமல் சொல்லுங்கள்."

மயில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "முகம் அருமை, தலைவரே. பின்பக்கம்தான் சட்டென்று முடிந்துவிட்டது. ஒரு தோகை இருந்தால் எடுப்பாக இருக்கும்."

யானை குனிந்து ஒற்றைக் கண்ணால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. "அழகுதான். ஆனால் இதில் நான் ஏறுவதா, இது என் மேல் ஏறுவதா?"

கரடி நேரே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தது. சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

சிறுத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தோகை இல்லை என்று குறை சொன்னபோதும் அதற்குக் கோபம் வரவில்லை. காரைப் பற்றிப் பேசுகிறார்கள் அல்லவா, அதுவே போதும்.

"பார்ப்பதற்கே இப்படி இருக்கிறதே, ஓட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா? ஏறுங்கள்!" என்றது.

அங்கேதான் தொல்லை தொடங்கியது.

சிறுத்தைக்குக் காரை ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஓட்டும். ஆனால் எப்படி ஓட்டும்? கிளம்பும்போது ஆக்சிலேட்டரை ஒரே மிதி. நிறுத்தும்போது பிரேக்கை ஒரே மிதி. நடுவில் வளைவு வந்தால், கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும். சாலையோரம் ஆமை போனால்கூட ஹாரன் அடித்து முந்தும். முந்திவிட்டு, "பார்த்தாயா?" என்று பின்னால் திரும்பிக் கேட்கும்.

ஓட்டுகிறவருக்கு அதெல்லாம் தெரியாது. கையில் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது. பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கோ பிடித்துக்கொள்ளத் தங்கள் உயிரைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் போய் வந்தது காட்டுப்பன்றி. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாத பிராணி. இறங்கியதும், "தலைவரே, வண்டி நல்ல வண்டி. வளைவில் மட்டும் நீங்கள் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினால்..." என்று ஆரம்பித்தது.

சிறுத்தையின் முகம் சுருங்கியது.

"அப்படியா? நீ சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஏறு. இன்னொரு சுற்றுப் போய் வரலாம்."

இன்னொரு சுற்றுப் போய் வந்த காட்டுப்பன்றி, அன்று பொழுது சாயும்வரை சேற்றுக் குட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு காட்டில் எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது. "நான் ஓட்டியது எப்படி?" என்று சிறுத்தை கேட்கும். "ஆகா, இந்த நிறம் எங்கே கிடைத்தது, தலைவரே!" என்று கருங்குரங்கு சொல்லும். சொல்லிவிட்டு மரத்தைப் பிடிக்கத் தாவி, பக்கத்துப் புதரைப் பிடிக்கும். "இருக்கை என்ன சுகம்!" என்று கரடி சொல்லும். சொல்லும்போது அதற்குக் கண் செருகியிருக்கும், தூக்கத்தினால் அல்ல. முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் எழுந்து நிற்கும். "கூரை... கூரை வெகு அழகு" என்று அது முணுமுணுக்கும்.

சிறுத்தை இவற்றையெல்லாம் தான் ஓட்டிய விதத்துக்குக் கிடைத்த பாராட்டு என்றே எடுத்துக்கொண்டது.

எல்லாரும் ஒருநாள் பட்ட பாட்டை நாள்தோறும் பட்டது ஒரு கீரி. பெயர் செங்கமலம். தலைவரின் காரியதரிசி. தலைவர் எங்கே போனாலும் கூடவே போக வேண்டிய வேலை. செங்கமலத்துக்கு நன்றாகவே கார் ஓட்டத் தெரியும். தலைவரிடம் வேலைக்கு வருவதற்கு முன்னால், மூங்கிலரிசி ஏற்றிச் சந்தைக்குப் போகும் குட்டி லாரியை ஓட்டியது அதுதான். ஆகையால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்ட இடத்திலெல்லாம் செங்கமலத்தின் கால், இல்லாத பிரேக்கைத் தேடிப் பின்னிருக்கையில் மிதித்துக்கொண்டிருக்கும்.

"எப்படி, செங்கமலம்?" என்று சிறுத்தை கேட்கும்.

"கதவு சாத்துகிற சத்தம் பாட்டு மாதிரி இருக்கிறது, தலைவரே" என்று செங்கமலம் சொல்லும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இஞ்சிச் சாறு குடிக்கும்.

இப்படியே காலம் போயிருக்கும். அதற்குள் மழைக்காலம் வந்தது. மலையுச்சி அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அருவி விழுந்தால் அந்தக் காட்டில் விழா. சிறுத்தை எல்லாரையும் ஆலமரத்தடிக்குக் கூப்பிட்டது.

"இந்த வருஷம் குட்டிகள் யாரும் அருவிக்கு நடக்க வேண்டாம். நானே என் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன்!"

குட்டிகள் குதித்துக் கும்மாளமிட்டன. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருவிக்குப் போகிற பாதையோ பாம்பு போல வளைந்து வளைந்து ஏறும். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம்.

"தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றது மயில். அதன் குரல் அதற்கே பிடிக்கவில்லை.

அன்று மாலை பூங்காவி என்ற புள்ளிமான் செங்கமலத்தைத் தேடி வந்தது. அதன் குட்டிக்கு இப்போதுதான் காது நிமிர்ந்து நிற்க ஆரம்பித்திருந்தது.

"அக்கா, நீங்கள்தான் தினமும் அவரோடு போகிறீர்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. உண்மையைச் சொல்லுங்கள். என் பிள்ளையை அந்தக் காரில் ஏற்றி அனுப்பலாமா?"

செங்கமலம் வாயைத் திறந்தது. காரின் நிறம் நினைவுக்கு வந்தது. கூரை நினைவுக்கு வந்தது. ஆனால் மானின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"வேண்டாம் என்றால் தலைவர் கோபித்துக்கொள்வாரே, அக்கா" என்றது மான்.

"நீ போய் நிம்மதியாகத் தூங்கு, பூங்காவி. விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றது செங்கமலம். மான் தூங்கியதோ என்னவோ, செங்கமலம் தூங்கவில்லை. நேருக்கு நேர் சொன்னால் இன்னொரு சுற்று என்பார். சொல்லாவிட்டால் குட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சொல்லாமலே சொல்ல என்ன வழி?

காலையில் தலைவரிடம் போனபோது அதன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"தலைவரே, ஒரு குறை மனசை உறுத்துகிறது."

"என்ன குறை?"

"காரின் அழகை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். காருக்குள் உங்கள் அழகை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நீங்கள்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மறைந்துவிடுகிறீர்களே! விழாவுக்கு முன்னால் ஒருநாள், மாலை போட்டுக்கொண்டு பின்னிருக்கையில் நடுநாயகமாக உட்காருங்கள். கூரையைத் திறந்து வைப்போம். நான் அருவிவரை ஓட்டுகிறேன். ஊரே பார்க்கட்டும்."

சிறுத்தை காரின் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. மாலையோடு எப்படி இருக்கும் என்று நினைத்தது. "நீ நன்றாக ஓட்டுவாயா?" என்று கேட்டது.

"இவ்வளவு நாள் உங்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் ஓட்டுவது போலவே, இம்மி பிசகாமல் ஓட்டுகிறேன்."

"அப்படியானால் பயமில்லை" என்றது சிறுத்தை.

கொன்றைப்பூ மாலை போட்டுக்கொண்டு அது பின்னிருக்கையில் உட்கார்ந்தது. வழி நெடுக மிருகங்கள் கூடி நின்றன. செங்கமலம் இருக்கையை முன்னால் நகர்த்தி, உயரத்தைக் கூட்டி, "கிளம்பலாமா, தலைவரே?" என்றது.

சிறுத்தை கையசைப்பதற்காக வலது பாதத்தைத் தூக்கியது.

செங்கமலம் ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்தது.

தூக்கிய பாதம் சிறுத்தையின் மூக்கிலேயே வந்து மோதியது. கூடியிருந்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது மாலையா, தலைவரா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

"மெதுவாக!" என்றது சிறுத்தை.

"என்ன, தலைவரே?" என்று செங்கமலம் முழுதாகப் பின்னால் திரும்பிக் கேட்டது.

"முன்னால் பார்! முன்னால் பார்!"

முன்னால் ஆமை ஒன்று ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. செங்கமலம் நீளமாக ஹாரன் அடித்து அதை முந்தியது. முந்திவிட்டு, "பார்த்தீர்களா?" என்று மறுபடி திரும்பியது. முதல் வளைவில் அது இடது கதவில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவில் வலது கதவில். மூன்றாவது வளைவில் செங்கமலம் கண்ணாடியில் பார்த்து மீசையை நீவிக்கொண்டபோது, ஜன்னலுக்கு வெளியே பள்ளமும் பள்ளத்தின் அடியில் ஆறும் நூல் போலத் தெரிந்தன.

"பிரேக்! பிரேக்கைப் போடு!"

செங்கமலம் போட்டது. ஒரே மிதி. மாலை சிறுத்தையின் கழுத்தைவிட்டுக் கிளம்பி முன்கண்ணாடியில் போய் விழுந்தது.

கார் அருவிக் கரையில் நின்றது. சிறுத்தை கதவைத் திறந்து இறங்கியது. நான்கு கால்களும் நான்கு திசையில் நடந்தன. உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போய், காலையில் சாப்பிட்டதையெல்லாம் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தது. பிறகு திரும்பி வந்தது. கண்கள் சிவந்திருந்தன. நகங்கள் வெளியே வந்திருந்தன.

"யார் உனக்கு இப்படி ஓட்டக் கற்றுக் கொடுத்தது?"

செங்கமலம் ஓர் அடி பின்வாங்கவில்லை.

"நீங்கள்தான், தலைவரே."

"நானா? நான் இப்படியா ஓட்டுகிறேன்?"

"ஆமையிடம் நீங்கள் இரண்டு முறை ஹாரன் அடிப்பீர்கள். நான் ஒருமுறைதான் அடித்தேன். மற்றதெல்லாம் அப்படியே."

"பொய்! எல்லாரும் பாராட்டினார்களே! ஒருவராவது குறை சொன்னாரா?"

"காரைப் பாராட்டினார்கள், தலைவரே. நிறத்தை, கூரையை, இருக்கையை. நீங்கள் ஓட்டுவதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார்களா? நினைத்துப் பாருங்கள்."

சிறுத்தை நினைத்துப் பார்த்தது. கருங்குரங்கு, கரடி, முள்ளம்பன்றி என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. அருவி இரைந்துகொண்டிருந்தது. சிறுத்தையின் நகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. காதுகள் மடங்கின.

"காட்டுப்பன்றி சொன்னான்" என்றது மெல்ல. "நான்தான் அவனை இன்னொரு சுற்று..."

சற்று நேரம் கழித்து, "உனக்கு உண்மையிலேயே ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டது.

"தெரியும், தலைவரே."

"அப்படியானால் என்னைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடு. நான் நடந்தே போய்விடுவேன். ஆனால் காலில் பலமில்லை."

செங்கமலம் காரை எடுத்தது. இந்தமுறை கார் கிளம்பியதே சிறுத்தைக்குத் தெரியவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. திறந்த கூரை வழியாகக் காட்டு மல்லிகை வாசனை வந்தது. பாறை இடுக்கில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. ஆமையின் பின்னால் கார் மெல்ல ஊர்ந்து, இடம் கிடைத்ததும் சத்தமில்லாமல் கடந்து போனது. ஆமை தலையை நீட்டி வணக்கம் சொன்னது.

"செங்கமலம்!" என்றது சிறுத்தை வியப்போடு. "இவ்வளவு நல்ல காரா இது?"

"நல்ல கார்தான், தலைவரே. நம் காட்டுச் சாலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது."

மறுநாள் முதல் சிறுத்தை விடியற்காலையில் எழுந்து, ஆற்று மணலில் காரை ஓட்டிப் பழகியது. பக்கத்தில் செங்கமலம். பின்னிருக்கையில் யார் தெரியுமா? காட்டுப்பன்றி! சிறுத்தையே போய்க் கூப்பிட்டது. "தப்பு செய்தால் உடனே சொல்" என்று கேட்டுக்கொண்டது. காட்டுப்பன்றியும் தயங்காமல் சொன்னது. சிறுத்தைக்கு முதலில் மீசை துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓட்டும்.

விழா நாள் வந்தது. செங்கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பூங்காவி தன் குட்டியைக் காரில் ஏற்றியது. ஏற்றிவிட்டுக் குறுக்குப் பாதையில் உச்சிக்கு ஓட்டமாக ஓடிப் போய்க் காத்திருந்தது. கடைசி வளைவில் கார் தெரிந்தது. அருவிக் கரையில் பூப்போல வந்து நின்றது.

சிறுத்தை பழைய ஆசை விடாமல் பின்னால் திரும்பி, "எப்படி ஓட்டினேன்?" என்று கேட்டது.

கரடிக்குட்டியின் தோளில் மான்குட்டி சாய்ந்திருந்தது. மான்குட்டியின் முதுகில் முயல்குட்டி. மூன்றும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன.

சிறுத்தை ஹாரன் அடிக்கவில்லை. எட்டிப் பார்த்த பூங்காவியிடம், சத்தம் போடாதே என்று வாயில் நகத்தை வைத்துக் காட்டியது.

நீதி: நாம் செய்வது பிறருக்கு எப்படி இருக்கிறது என்பது, அவர்கள் இடத்தில் நாம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.