எண்ணெய்க்கடைத் தெருவில் மூடிய குழி

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். குழி ஒன்றுதான். அதைத் திறந்து பார்க்கும் செலவு யார் தலையில் என்பதுதான் வழக்கு.

மணற்கரை நகராட்சியில் ஜெனிட்டா இளம் பொறியாளர். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பத்து நாள்தான். ஆணையர் நல்லபடியாக ஒரு குறிப்பு எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தள்ளிப்போகும், வேலையே போனாலும் போகும்.

எண்ணெய்க்கடைத் தெருவின் கோடியில் சந்தானபாண்டி என்பவர் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை வீட்டுக் கழிவுநீரும் அந்தத் தெரு வழியாகத்தானே போயாக வேண்டும்? ஆகவே தெருவில் புதுக் குழாய் பதித்து, மேலே சாலையும் போட்டுக் கொடுக்கச் சொன்னது நகராட்சி. அதோடு விடவில்லை. வேலையைப் பார்வையிட வரும் பொறியாளரின் ஒவ்வொரு வருகைக்கும் அவரே முன்பணம் கட்ட வேண்டும் என்றது. உன் கட்டடத்துக்காக நடக்கிற வேலையை மேற்பார்வை பார்க்க ஊரார் வரிப்பணம் எதற்கு என்பது அதன் நியாயம். சந்தானபாண்டி முனகிக்கொண்டே கட்டினார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் பொறியாளர் குனிந்து பார்த்து, சரியாக இருந்தால் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழாத இணைப்பின்மேல் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. மீறினால், மூடியவர் செலவில் தோண்டி, மூடியவர் செலவில் மறுபடி பார்வையிட வேண்டும். குழி திறந்திருக்கும்வரை ஒவ்வொரு வாசலிலும் நடைபலகை கிடக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் அந்த வரியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

வியாழக்கிழமை காலை ஜெனிட்டா வருவதாக ஏற்பாடு. குழாய் பதித்துத் தயாராக இருந்தது. அவள் வண்டியைக் கிளப்பும்போது ஆணையர் கூப்பிட்டார்: அமைச்சர் பூங்கா திறக்க வருகிறார், பந்தலுக்குப் போய் நில். போய் நின்றாள். மதியம் வருகிறேன் என்று சந்தானபாண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். மதியமும் வர முடியவில்லை. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பினார். அங்கே தேவைப்பட்டதால் நடைபலகைகளும் கூடவே வண்டியேறின.

சாயங்காலம் அந்தத் தெரு ஞானதுரையின் மனைவி புனிதாவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கம், புனிதா இந்தப் பக்கம், நடுவில் இடுப்பளவு பள்ளம். ஞானதுரை மண்வெட்டியை எடுத்தான். வாசலுக்கு நேராகக் குவிந்திருந்த மண்ணை எல்லாம் உள்ளே தள்ளி, மிதித்து, வழி செய்துவிட்டான். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மறுநாள் காலை ஜெனிட்டா வந்து பார்த்தால், இணைப்பு மண்ணுக்குள். அதற்கு அடியில்தான் தெருவின் குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடிவு வேண்டும்.

சந்தானபாண்டி குரலில் பாகு காய்ச்சினார். "மேடம், நல்ல குழாய், நல்ல ஆளு. கோட்டை மண்ணு மேலேயே போட்டுருங்க. உள்ள எவன் பாக்கப் போறான்?"

"நேத்துப் பொறந்த குழந்தைக்கு இந்தத் தண்ணியத்தான் காய்ச்சிக் குடுப்பாங்க. தோண்டணும்," என்றாள் ஜெனிட்டா.

பாகு சட்டென்று இறுகிவிட்டது. "அப்ப மூடினவன்கிட்ட வாங்குங்க. நான் காசு கட்டினேன், காத்திருந்தேன். மண்ணைத் தள்ளினது நானா?"

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்த ஞானதுரைக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பலகை கிடந்தா நான் எதுக்கு சார் மண்வெட்டியத் தூக்கப் போறேன்? அவளைத் தூக்கிட்டுத் தாண்டச் சொல்றீங்களா?"

ஜெனிட்டா ஆணையருக்குப் போன் செய்தாள். ஆணையருக்குத் தொண்டை இரண்டு: மேலே இருப்பவர்களிடம் பேச ஒன்று, கீழே இருப்பவர்களிடம் பேச ஒன்று. இரண்டாவதைச் செருமிக்கொண்டார். "ஏம்மா, விதியில என்ன இருக்கு? மூடினவன். அவன் பேரை எழுதி அனுப்பு, முடிஞ்சுது. நகராட்சி தலையில எழுதினா, ஏன் வரலைன்னு மேல கேப்பாங்க. வராதது நானா, நீயா?"

போன் அடங்கியது. முதல் தூறல் அவள் கையிலிருந்த அறிக்கைத் தாளில் விழுந்தது. எதிரே இருவரும் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காசு கட்டிக் காத்திருந்த சந்தானபாண்டியா, மண்ணைத் தள்ளிய ஞானதுரையா, ஆளை அனுப்பாத நகராட்சியா? தோண்டும் கூலியும் மறுபடி பார்வையிடும் செலவும் யாரைச் சேர வேண்டும்?

விடை: செலவு ஒன்று என்று நினைத்தவர்கள் தடுக்கி விழுந்திருப்பீர்கள், அது இரண்டு. மண்ணைத் தள்ளியது ஞானதுரை என்றாலும், பலகை கிடந்திருந்தால் பள்ளம் திறந்தபடியே இருந்திருக்கும். அதை எடுத்துப் போனவர் சந்தானபாண்டி. எனவே தோண்டும் கூலி அவருடையது. ஆனால் வியாழக்கிழமை வருகைக்கு அவர் காசு கட்டியாகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டு, மறுநாள் வருவதற்கு இன்னொரு முறை யாரிடமும் கேட்க முடியாது. பார்வையிடும் செலவு நகராட்சியுடையது. ஞானதுரைக்கு ஒன்றும் இல்லை. ஜெனிட்டா அப்படியே எழுதினாள். 'வராத அலுவலர்' என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதி, பந்தலுக்கு அனுப்பியவர் யார் என்பதையும் சேர்த்தாள். தோண்டிப் பார்த்ததில் இணைப்பு ஒரு சொட்டும் கசியவில்லை. பத்தாம் நாள் ஆணையரின் குறிப்பு வந்தது. தகுதிகாண் பருவம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. காரணம், குறித்த நேரத்தில் பணியிடத்துக்குச் செல்லாமை.