செத்துப்போன சார்ஜர் வயர்

அனிச்சபுரியை ஆண்ட அதிரவீர ராஜாவிடம் யானை இருந்தது, சேனை இருந்தது, புத்தம்புது செல்போனும் இருந்தது. சார்ஜர்தான் இல்லை. போன் வந்த பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு வாழ்த்து அட்டை விழுந்தது, அவ்வளவுதான். சார்ஜரைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

அரண்மனையில் சார்ஜருக்கா பஞ்சம்? மகாராணியுடையது தட்டை முனை. மந்திரியுடையது உருண்டை முனை. சேனாதிபதியுடையதை வைத்து யானையையே கட்டிப்போடலாம். ஒன்றும் ராஜாவின் போனுக்குள் நுழையவில்லை. கொஞ்சம் பலமாகக் குத்திப் பார்க்கட்டுமா என்று சேனாதிபதி கேட்டார். நல்லவேளை, தடுத்துவிட்டார்கள்.

கடைசியில் கடைவீதி வியாபாரி தனபூஷணம் வந்தார். எண்ணெய் மினுங்கும் சுருட்டை முடி. அதைத் தடவித் தடவித்தான் பேசுவார். வெள்ளை வயர் ஒன்றை நீட்டி, இதற்கு ஆயுட்கால உத்தரவாதம் என்றார். அந்தச் சொல்லிலேயே ராஜா விழுந்துவிட்டார்.

போன் ராஜாவுடையது என்றாலும் அதன் பயனெல்லாம் குட்டி இளவரசிக்குத்தான். இன்னும் பல் முளைக்காத அந்தச் சீமாட்டி, மிக்சி ஓடும் சத்தம் கேட்டால்தான் தூங்குவாள். மிக்சியையே ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஓட்டினார்கள். அரண்மனையே தேங்காய்ச் சட்னியில் மிதந்தது, கடைசியில் மிக்சியும் புகைந்துபோனது. அதற்குப் பிறகுதான், முன்பே போனில் பதிந்துவைத்திருந்த மிக்சிச் சத்தத்தைத் தொட்டில் பக்கத்தில் ஓடவிட ஆரம்பித்தார்கள். அது செவிலி செவ்வந்தியின் பொறுப்பு. அவளும் கைக்குழந்தைக்காரி. ஒரு தோளில் தன் மகன், மறு தோளில் இளவரசி. அரண்மனையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

வயர் வந்த கொஞ்ச நாளிலேயே தன் குணத்தைக் காட்டியது. நேராக வைத்தால் சார்ஜ் ஏறாது. இடப்பக்கம் சாய்த்து, மேலே ஒரு செம்பைப் பாரமாக வைத்து, அக்கம்பக்கத்தில் யாரும் தும்மாமல் இருந்தால் ஏறும். பணிப்பெண்கள் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்கள். அப்படியும் ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. போன் அணைந்தது. இளவரசி வீறிட ஆரம்பித்தாள். அவள் நிறுத்தவே இல்லை.

மறுநாள் அவையில் ராஜாவின் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன. குழந்தை பிறந்ததிலிருந்தே அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. தொட்டிலையும் அவைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். செவ்வந்தி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினாள். இளவரசியின் அழுகையில் தோரணமே ஆடியது.

தனபூஷணத்திடம் வயரைக் காட்டினார்கள். அவர் அதை மோந்து பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். பிறகு, இந்தச் செவிலிதான் கண்டபடி வளைத்துக் கொன்றுவிட்டாள் என்று கையை விரித்தார்.

ராஜாவுக்குத் தூக்கமில்லாத கோபம். செவ்வந்தி இன்றைக்கே பிள்ளையோடு அரண்மனையை விட்டுப் போகட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். செவ்வந்தி இடுப்பிலிருந்த மகனை இறுக்கிக்கொண்டாள். தொட்டிலை ஆட்டும் கையை மட்டும் எடுக்கவில்லை.

அவையில் விகடம் பேசுவதற்கென்றே இருந்த கூத்தாயி எழுந்தாள். சாவு வீட்டில் ரெண்டு வார்த்தை விசாரிக்க அனுமதி கேட்டாள். ராஜா கையசைத்தார்.

"ஐயா, ஆயுட்கால உத்தரவாதம்னு சொன்னீங்களே. வேற வயர் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுதே."

தனபூஷணம் முடியைத் தடவினார். "அது வயரோட ஆயுள், அம்மா. வயருக்கு ஆயுள் முடிஞ்சுது, உத்தரவாதமும் முடிஞ்சுது."

அதுவும் சரிதானே என்று மந்திரி தலையாட்டினார்.

"அப்ப ஆயுள் முடிஞ்சுதான் செத்திருக்கு?"

"ஆமாம்."

"பின்னே செவ்வந்தி எங்கே கொன்னா?"

தடவிய கை நின்றது. வளைத்தாளே, அதனால்தான் என்று அவர் இழுத்தார்.

"அவ கொன்னான்னா, ஆயுள் மிச்சம் இருக்கும்போதே செத்திருக்கு. மிச்ச ஆயுளுக்கு உத்தரவாதமும் மிச்சம் இருக்கு, வயரை எடுங்க. ஆயுள் முடிஞ்சு செத்துச்சுன்னா அவளை விடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

தனபூஷணம் யோசித்தார். இன்றைக்கு இங்கே ஒரு வயரைக் கொடுத்தால், நாளைக்கு ஊரே செத்த வயரோடு கடை வாசலில் நிற்கும்.

"தானாத்தான் செத்தது, மகாராஜா," என்றார். "நல்ல சாவு."

ராஜா உத்தரவைத் திரும்பப் பெற்றார். செவ்வந்தியின் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது. ஆனால் கூத்தாயி உட்காரவில்லை.

"நல்ல சாவுன்னா காரியத்தை முறையாப் பண்ணணும். வயருக்கு நெருங்கின சொந்தம் நீங்க ஒருத்தர்தான். மொட்டை போட ஆளைக் கூப்பிடவா?"

தனபூஷணம் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவின் மூக்கில் ஏதோ ஒரு சத்தம் கிளம்பியது. அது தொண்டைக்கு இறங்கியது. அங்கிருந்து வயிற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. கர்ர்ர்ர், கொர்ர்ர்ர், கர்ர்ர்ர். ராஜா சிரித்த சிரிப்பில் சிம்மாசனம் அதிர்ந்தது. மிக்சி சரியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சமையற்கட்டிலிருந்து ஆள் ஓடிவந்தார்.

தொட்டிலில் அழுகை நின்றது. இளவரசி கட்டைவிரலை வாயில் வைத்தாள். கண் சொருகியது. தூங்கியே போனாள்.

தனபூஷணம் தலையில் வைத்த கையை எடுக்காமலே நழுவினார். ராஜா சிரிப்புக்கு நடுவே குரலைத் தாழ்த்தி, கூத்தாயிக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். செவ்வந்திக்கு யாரும் எழுப்பாத தூக்கம் ஒன்று வேண்டும் என்றாள் அவள். ராஜா சரியென்று சொல்லும்போதே செவ்வந்தி தூணில் சாய்ந்து, மகனை மடியில் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு நின்றதும் தொட்டில் லேசாக அசைந்தது. அவை முழுக்க ராஜாவைப் பார்த்தது.

"கவலைப்படாதீங்க மகாராஜா," என்று கூத்தாயி கிசுகிசுத்தாள். "உங்க சிரிப்புக்கு வயர் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். ஆயுட்கால உத்தரவாதம் வேற."

ராஜா சந்தேகமாகப் பார்த்தார். "யாருடைய ஆயுள்?"

"உங்களோடதுதான். பின்னே எதுக்கு நாங்க தினமும் நீங்க நீடூழி வாழணும்னு கத்தறோம்?"

கர்ர்ர்ர்.