சங்கிலி மாட்டிய நான்கு சிலிண்டர்கள்

முதலில் தப்புச் செய்தவர் கோமதிநாயகம்தான். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

கோமதிநாயகம் ஆற்றங்கரை மடத்தின் சமையல்காரர். மூன்று வருடத்துக்கு முன் குருபூசை நாளில், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி திடீரென்று தீப்பிடித்தது. தீயை அணைக்கும் சிவப்பு சிலிண்டர் அடுப்புக்கு நேர் மேலே சுவரில் தொங்கியது. தீப்பிடிப்பது அடுப்பில்தானே என்று அதை அங்கே மாட்டிவைத்தவரும் அவர்தான். நெருப்புக்குள் கையை நீட்டி அதை எடுக்க ஒருவராலும் முடியவில்லை.

மடத்திலேயே தங்கியிருந்த முதியவர் சங்கிலி பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் வெளியே ஓடினார். ஆபீஸ் அறையில் இன்னொரு சிலிண்டர் இருந்தது. அதை எடுக்கத்தான் ஓடினார். அறை பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடிப்பிடித்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கோமதிநாயகம் அண்டா மூடியைப் போட்டுத் தீயை அமுக்கிவிட்டார்.

அன்று மத்தியானம் இருநூறு பேர் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளியோடு நடுப்பந்தியில் நின்று கோமதிநாயகம் சொன்னார்:

"நம்ம சங்கிலி இந்த வயசுலயும் என்னமா ஓடுதாரு! பந்தயத்துக்கு அனுப்பினா கப்பு வாங்கிட்டு வந்துருவாரு."

பந்தியே சிரித்தது.

தீக்குப் பயந்து ஓடினாராம்; அன்று முதல் மடத்தில் சங்கிலிக்கு ஓட்டக்காரர் என்று பெயர். அரிசி ஆலையில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர். முதுகில் இருந்த மூட்டையைப் பாதி வழியில் ஒருநாளும் இறக்கிவைக்காதவர். அறுபத்தாறு வயதில் அவருக்கு வந்து சேர்ந்த பெயர் இது. பந்தியில் சொன்னதை அதே பந்தியில் கோமதிநாயகம் திருப்பி எடுக்க வேண்டும். சங்கிலி கேட்டது அவ்வளவுதான். மடத்துத் தலைவர் அம்பலவாண சாமியிடமும் மூன்று முறை முறையிட்டார். சாமி மூன்று முறையும் காது கொடுத்துக் கேட்டார். அதோடு சரி.

இந்த வருடம் குருபூசைக்கு எட்டு நாள் இருக்கும்போது தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான்கு புது சிலிண்டர்கள் வாங்கி, சரியான இடத்தில் மாட்டினால்தான் வெளியூர் அடியார்களைத் தங்கவைக்கலாம் என்றார்.

சாமி அந்த வேலையைச் சங்கிலியிடம் கொடுத்தார்.

இதைச் சரியாகச் செய்து முடித்தால் மடத்தில் தன் பெயர் திரும்பிவிடும். கோமதிநாயகமும் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும் என்று சங்கிலி நினைத்தார். ஆனால் அதிகாரி சொல்லிவிட்டுப் போனது அவருக்குப் பிடிபடவே இல்லை. தீப்பிடிக்கிற இடத்தில் மாட்டாதீர்கள் என்றார். தள்ளியும் மாட்டாதீர்கள் என்றார். அங்கேயும் இல்லாமல், தூரமும் இல்லாமல் வேறு எங்கே மாட்டுவது? ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு காலை முழுவதும் மடத்தைச் சுற்றி வந்தார். தோள் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் சாமியிடம் போனார். சாமிக்கு நாற்பது வயதுதான். தன்னைவிட மூத்தவர்களை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். கொடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இதை எங்க மாட்டணும் சாமி?"

"அன்னைக்கு அடுப்படியில இருந்து ஓடினீங்கல்ல அண்ணாச்சி?"

சங்கிலியின் முகம் சுருங்கியது.

"அதே மாதிரி ஒருதடவை ஓடிக் காட்டுங்க."

சாமியும் கேலி செய்கிறாரா? சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. சங்கிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சமையற்கட்டுக்கு நடந்த சாமியின் பின்னால் போனார்.

கோமதிநாயகம் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பருகே நின்ற சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே வே! அதுக்குள்ளயா?" என்றார் கோமதிநாயகம்.

"அப்படியே நில்லுங்க" என்றார் சாமி.

சங்கிலி வாசலில் நின்றார்.

"வலது கை எங்க இருக்கு அண்ணாச்சி?"

சங்கிலி பார்த்தார். ஓடிவந்த வேகத்தில் திரும்புவதற்காகக் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் சாமி கரித்துண்டால் ஒரு கோடு போட்டார்.

"இங்க மாட்டுங்க."

"இது வாசலாச்சே சாமி! அடுப்பு அங்கல்லா இருக்கு?"

"தீப்பிடிச்சா அங்க யாரு நிப்பா?"

"ஒருத்தரும் நிக்க முடியாது."

"இங்க?"

"எல்லாரும் இந்த வழியாத்தான் வரணும்."

"வர்றவன் கையில கிடைக்கட்டும். எடுத்துக்கிட்டுத் திரும்பினா, வாசல் அவன் முதுகுக்குப் பின்னால இருக்கும். முடியலைன்னா வெளியே போயிரலாம்."

கோமதிநாயகம் கத்தியைக் கீழே வைத்தார். கரிக்கோட்டைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். இப்போது அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துவிடுவார் என்று சங்கிலி காத்து நின்றார்.

"அங்க மாட்டினா கதவு இடிக்கும்" என்றார் கோமதிநாயகம்.

கதவு இடிக்கவில்லை.

அடுத்த சிலிண்டரைச் சங்கிலி பாராயண மண்டபத்தில் இதே முறையில் மாட்டினார். அடியார்கள் தங்கும் கூடத்தில் மடத்து ஆட்கள் எல்லாரையும் படுக்கச் சொல்லி, தீ தீ என்று கத்தினார். பின்கதவு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தும் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்ட முன்வாசலுக்கே அத்தனை பேரும் ஓடினார்கள். சங்கிலி மூன்றாவது சிலிண்டரைச் செருப்பு அடுக்கும் பலகைக்கு மேலே மாட்டினார்.

நான்காவதில்தான் மாட்டிக்கொண்டார்.

மடத்தின் பின்கட்டில் சமையல் சாமான் வைக்கும் உக்கிராண அறை. நெய் டின்னும் கற்பூரக் கட்டும் அங்கேதான் இருக்கின்றன. கோமதிநாயகம் படுப்பதும் அங்கேதான். ஒரே கதவு. சன்னல் கிடையாது.

"ஒருதடவை ஓடிக் காட்டும்" என்றார் சங்கிலி.

"நான் ஓடமாட்டேன். அதெல்லாம் உமக்குத்தான் பழக்கம்."

"தீப்பிடிச்சா என்ன செய்வீரு?"

"நின்னு அணைப்பேன்."

"பொகை மண்டிச்சுன்னா?"

"மூச்சை அடக்கிக்கிடுவேன்."

"எத்தனை நாளைக்கு?"

கோமதிநாயகம் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

சங்கிலி சிலிண்டரோடு அந்த வாசலிலேயே நின்றார். உள்ளே மாட்டினால் நெய்க்கு நடுவில் கிடக்கும், எடுக்க முடியாது. வெளியே மாட்டினால், ஓடி வரமாட்டேன் என்கிற மனுசனுக்கு அது எதற்கு? ஓடுகிறவனின் கையைப் பார்த்து இடம் குறிக்கலாம். ஓடாதவனுக்கு எதைப் பார்ப்பது? இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மறுபடியும் சாமியிடம் போனார்.

"அவரு ஓடமாட்டாராம் சாமி. எங்க மாட்ட?"

"உள்ள இருந்து அவரு சத்தம் போட்டா யாருக்குக் கேக்கும்?"

"பின்கட்டுல வேற யாரு இருக்கா? எதுத்தாப்புல என் அறை ஒண்ணுதான்."

"எத்தனை எட்டு இருக்கும்?"

"பன்னெண்டு எட்டு."

"நீங்க வெளிய வரும்போது கை எங்க போகும் அண்ணாச்சி?"

"என் வாசல்லயா சாமி?"

சாமி தலையசைத்தார்.

"மூணு வருசமாச்சு. அவரு அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்கல. இன்னைக்குக்கூடச் சொல்லிக் காட்டுதாரு. அவருக்காக நான் ஓடணுமா? பந்தியில வச்சுச் சொன்னதைப் பந்தியிலயே எடுக்கணும். அது இன்னும் பாக்கி நிக்கி."

சாமி சுத்தியலையும் கொக்கியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆமா அண்ணாச்சி, பாக்கி நிக்கி. கொக்கியை உங்க கைக்கு எட்டுற உயரத்துல அடிங்க."