உடையார் பார்த்த ஊமைப்படம்

சாவகச்சேரிக் கூடாரத்தில் ஊமைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் சேர்த்துக் கொழும்புக் கம்பனி அனுப்பியது ஒரே ஒரு பிரதிதான். இங்கே ஓடி முடிந்த சுருளை உடனே சைக்கிளில் கட்டிக் கொடிகாமத்துக்கு அனுப்பவேண்டும். அங்கேயும் சனம் காத்திருக்கும். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவன் வல்லிபுரம்.

கடைசிச் சுருளை மாட்டுகிற நேரம் பார்த்து, ஊர் அதிகாரியான உடையார் வந்து சேர்ந்தார்.

"டேய், முதலிலையிருந்து போடு! இல்லையெண்டால் நாளைக்கு இந்தக் கூடாரம் இருக்காது."

கூடார முதலாளி வல்லிபுரத்தைப் பார்த்தார். முதல் சுருள் எப்போதோ கொடிகாமம் போய்விட்டது.

உடையார் முன்வரிசையில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவினார். "கொழும்பில முழுசாப் பார்த்த படம். ஒரு காட்சி மாறினாலும் கண்டுபிடிச்சிடுவன்."

அதைக் கேட்டதும்தான் வல்லிபுரத்துக்கு மூச்சு வந்தது. "ஐயா சொன்னபடியே" என்று கும்பிட்டுவிட்டு, கடைசிச் சுருளையே ஓட்டச் சொன்னான்.

திரையில் கலியாணப் பந்தல். "ஒரு ஊரிலே ஒரு ராசகுமாரனுக்குக் கலியாணம்..." என்று வல்லிபுரம் தொடங்கினான். அந்தக் கலியாணத்துக்காக ராசகுமாரன் பட்ட பாட்டையெல்லாம் அவ்வளவு நேரமும் பார்த்திருந்த சனம் வாயைப் பொத்திக்கொண்டது.

"தொடக்கம் சரிதானே, ஐயா?"

"அச்சொட்டாக இதேதான்! கொழும்பிலையும் இப்பிடித்தான் தொடங்கினது."

மாலை மாற்றினார்கள், பூத் தூவினார்கள், திரையில் 'முற்றும்' என்று விழுந்தது. கூடாரமே கொல்லென்று சிரித்தது. உடையார் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். சரியென்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று; இனிக் கூடாரத்தைப் பிடுங்கினால் ஏனென்று ஊர் கேட்குமே! முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வல்லிபுரம் வாசல்வரை கூடவே போய், அங்கே தொங்கிய படங்குத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பணிவாகக் கேட்டான்:

"ஐயா, கொழும்பிலையும் கலியாணத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தனீங்களோ?"