ராசாவின் மீசையும் மடைவாய் வயலும்

மீசைக்கு நெய் தடவுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் வைத்திருந்த ராசா ஒருவர் முன்னொரு காலத்தில் பொன்னலூர்ச் சீமையை ஆண்டு வந்தார். பெயர் விசயகேது. நல்லவர்தான். ஆனால் காலையில் தோன்றிய ஆசை மாலைக்குள் நடந்தாக வேண்டும்.

ஒரு நாள் அவருக்குக் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அரண்மனைக்குப் பக்கத்தில் சமதரையாகக் கிடந்தது மடைக்குளத்துக் கூட்டு வயல் ஒன்றுதான். பல குடும்பங்கள் சேர்ந்து உழுது, சேர்ந்து நட்டு, விளைந்ததைப் பங்கு பிரித்துக்கொள்ளும் நிலம் அது.

"உழுகிறவனிடம் பிடுங்கினால் ஊர் ஏசுமே" என்றார் ராசா.

அரண்மனை அதிகாரி தாண்டவரையர் முன்னால் வந்தார். அமைச்சர் நல்லாதனாரின் பேச்சுக்குத்தான் சபையில் மதிப்பு என்று நெடுநாளாகப் புழுங்கியவர். ராசாவைப் போலவே மீசை வளர்த்திருந்தார், மரியாதைக்கு அரை விரல் குறைவாக.

"பிடுங்க வேண்டாம், மகாராசா. மடைவாயில் இருக்கும் முதல் வயல் சடையாண்டி என்ற கிழவனுடையது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. வாரிசு இல்லாதவன் நிலத்துக்கு ராசாவே வாரிசு என்பது பழைய சட்டம். அந்த ஒரு வயலை மேடாக்கினால் போதும், மற்ற வயல்களுக்குத் தண்ணீர் போகாது. அப்புறம் அவர்களே நிலத்தை விட்டுப் போவார்கள்."

"அவன் சாகும்வரை நான் காத்திருக்கவா?"

"எதற்கு? நீங்கள்தான் அவனுக்கு மகன், வாரிசு என்று இப்போதே முரசறையுங்கள். தகப்பன் நிலத்தில் மகன் திடலுக்கு அளந்து முளைக்குச்சி அடித்தால் யார் கேட்பது?"

சடையாண்டியைக் கூப்பிட்டார்கள். அவர் பேச்சி என்ற பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சிக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது.

"சாமி, என் வயலு பேச்சிக்குப் போகணும். என் வீட்டுக்காரி செத்த பிறகு எனக்குச் சரிசமமா வயல்ல நின்னது இவதான். இவளுக்கு அந்த மடை வசப்பட்டிருக்கு. இவ இருந்தா கீழ இருக்கிற அத்தனை வயலும் பிழைக்கும்."

"ரத்த உறவு உண்டா?" என்றார் தாண்டவரையர்.

"இல்லைங்க."

"அப்படியென்றால் பேச்சே இல்லை."

சபை அமைச்சரைப் பார்த்தது. நல்லாதனார் மெல்ல எழுந்தார்.

"சட்டம் சட்டம்தான். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம், தாண்டவரையரே. மகாராசா இவருக்கு முழு மகனா, அரை மகனா?"

"இதென்ன கேள்வி? முழு மகன்."

"அப்படியே முரசறையட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே பேச்சி அவரை மறித்தாள். "நீங்களுமா ஐயா அவங்க பக்கம் சேந்துட்டீங்க?"

"நாளைக்கு உனக்கு என்ன வேலை?"

"நடவு."

"நீ போய் நடு. பெரியவரை மட்டும் என்னிடம் விடு."

"நடத்தான் போறேன். முளை அடிச்சா முளையைச் சுத்தி நடுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை சபை கூடியபோது சடையாண்டி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலை உரலோடு வந்து சேர்ந்தார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்.

"என்னப்பா மகனே, இளைச்சுப் போயிட்டே?"

தாண்டவரையர் பாய்ந்தார். "அடே கிழவா, யாரைப் பார்த்து மகன் என்கிறாய்?"

"நானா சொன்னேன்? முரசு சொல்லுச்சு. ஏன் மகனே, இந்த ஆளு எப்பவும் இப்படித்தான் கத்துவாரா?"

ராசா சிரித்துவிட்டார். கஞ்சி கொண்டுவரச் சொன்னார். கஞ்சியில் உப்பில்லை என்று சடையாண்டி திருப்பி அனுப்பினார். ராசா தூதுவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். மத்தியானம் ராசா கண் அயர்ந்தபோது, "மடை திறக்கிற நேரத்துல தூங்குறவன் வீடு விளங்குமா?" என்று தட்டி எழுப்பினார். ராசாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

சாயங்காலம் சடையாண்டி ராசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமினார்.

"நல்ல மீசை. போயிடுமேன்னுதான் மனசு கேக்கல."

"எது போய்விடும்?"

அமைச்சர்தான் பதில் சொன்னார். "கொள்ளி வைக்கிற மகன் மீசையை எடுக்க வேண்டும் அல்லவா, மகாராசா. அப்புறம் ஒரு வருசம் வீட்டில் கொண்டாட்டம் கூடாது. குதிரைப் பந்தயமும்தான்."

சடையாண்டி மறுபடி இருமினார். ராசாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"எனக்குப் பதிலாக வேறு யாராவது கொள்ளி வைக்கட்டுமே?"

"தாராளமாக வைக்கலாம்" என்று தாண்டவரையர் முந்திக்கொண்டார்.

"வைக்கலாம்" என்றார் நல்லாதனார். "ஆனால் கொள்ளி வைத்தவருக்கே காணி. அது சட்டத்தைவிடப் பழைய வழக்கம். தாண்டவரையர் வைக்கிறாரா?"

தாண்டவரையர் தம் மீசையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

ராசா பேச்சியை வரவழைத்தார். முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றாள்.

"இவருக்கு நீ கொள்ளி வைப்பாயா?"

"வைப்பேன்."

"பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போவதா?" என்றார் தாண்டவரையர்.

"கலப்பை பிடிக்கையில பொம்பளையான்னு யாரும் கேக்கலையே, ஐயா. முடியை எடுக்கணும்னாலும் எடுத்துக்கட்டும். மீசைதான் எனக்கு இல்லை."

ராசா மீசையிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் சொன்னார். "நிலத்தில் கூட நிற்பவரை, நிலத்துக்காரர் கூட்டு வயல்காரர்கள் முன்னால் பெயர் சொல்லிக் காட்டினால், அவரே வாரிசு. மடைக்குளத்துத் தண்ணீர் பாயும் நிலம் வயலாகவே இருக்கும். எனக்கும் சேர்த்துத்தான் இந்த உத்தரவு."

அமைச்சருக்குத் தம் கழுத்து மாலையைக் கழற்றிப் போட்டார். பிறகு திரும்பினார்.

"தாண்டவரையரே, உம் யோசனைக்கு முரசறைந்தாகிவிட்டது. ஒரு மீசை போகத்தான் வேண்டும்."

நாவிதரைக் கூப்பிட்டார்கள்.

சடையாண்டி அதற்குப் பிறகும் பல அறுப்புப் பார்த்துவிட்டுத்தான் போனார். பேச்சி கொள்ளி வைத்தாள். அன்றைக்குத் தண்ணீர் முறை அவளுடையது. குளித்து ஈரச் சேலையோடு நேரே போய் மடையைத் திறந்துவிட்டாள், கீழ் வயல்களுக்கு.

அந்தச் சாவுக்கு ராசாவும் வந்திருந்தார். மீசையோடு.